மாலையைக் கழட்டின மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன செய்றது?



தைப்பூசம் நல்லபடியா முடிஞ்சது. பால்குடம் எடுத்தவங்க, காவடி தூக்கினவங்க, தண்ணீர்ப்பந்தல்ல ராப்பகலா நின்னவங்க, பாத்திரம் கழுவின அக்காமார்கள், குப்பை அள்ளின தம்பிங்க எல்லாருக்கும் முருகன் அருள் கிடைக்கட்டும். பந்தல் பிரிச்சாச்சு. வாடகைக்கு எடுத்த மேசை நாற்காலியும் திருப்பிக் கொடுத்தாச்சு. இப்போ கொஞ்சம் நீளமா ஒரு விஷயம் எழுதப் போறேன், பொறுமையா படிங்க. வர்ற ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் கூட்டத்துல இது பேச்சுக்கு வருது. அதுக்கு முன்னாலேயே உங்க காதுல போட்டு வைக்கணும்னு நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். குடி, சியாபு, இப்படி ஏதோ ஒரு பழக்கத்துல மாட்டிக்கிட்டு வெளியே வரப் பாக்கிறவங்களுக்குத் துணையா, நம்ம கோயில்ல வாரத்துல மூணு நாள் சாயங்கால நடைப்பயிற்சி ஆரம்பிக்கணும். கேட்டதும் சிலர் சிரிச்சாங்க. "நடந்தா குடி போயிடுமா?"ன்னு கேட்டாங்க. நடந்தா மட்டும் போகாது. நான் சொல்ல வர்றதும் அது இல்ல. மருந்தும் ஆலோசனையும் செய்ற வேலையை நடை செய்யாது. ஆனா மருந்து வேலை செய்றதுக்குத் தேவையான நாளையும் நேரத்தையும் உடம்பையும் அது காப்பாத்திக் கொடுக்கும். அதைக் கொடுக்கிறதுக்குக் கோயிலை விட நல்ல இடம் நம்ம தாமான்ல கிடையாது.

தைப்பூசம் முடிஞ்ச கையோட இதை ஏன் சொல்றேன்னா, வருஷா வருஷம் நாம பாக்கிற ஒரு கூத்து இப்பத்தான் நடக்குது. 48 நாள் மாலை போட்டு, ஒரு சொட்டு கூடத் தொடாம இருந்தவங்க நம்மகிட்ட எத்தனை பேர்! அந்த வீடுகள்ல அந்த 48 நாளும் சத்தம் இல்ல, சண்டை இல்ல, பிள்ளைங்க நிம்மதியா படிக்குது. "எங்களுக்கு இந்த 48 நாள்தான் தீபாவளி"ன்னு ஒரு தங்கச்சி என்கிட்டச் சொல்லியிருக்கு. மாலையைக் கழட்டின மறுநாளே அதே ஆள் பழைய கடையில உட்கார்ந்திருப்பார். உடனே நாம என்ன சொல்றோம்? "பாத்தியா, பக்தி எல்லாம் வேஷம்."

எனக்கு அந்தப் பேச்சு சம்மதமில்ல. 48 நாள் இருந்தவருக்கு மன உறுதி இல்லைன்னு எப்படிச் சொல்றது? விரதம் அவருக்கு என்னென்ன கொடுத்துச்சுன்னு கொஞ்சம் எண்ணிப் பாருங்க. விடியக்காலையில எழுந்து குளிக்கணும், அதனால ராத்திரி நேரத்தோட படுக்கணும். சுத்தமான சாப்பாடு நேரா நேரத்துக்கு. கோயிலுக்கு நடந்து வரணும், காவடிக்கு உடம்பைத் தயார் பண்ணணும். சாயங்காலம் ஆனா பஜனை, கூட நாலு பேர். வழியில பாக்கிறவங்க எல்லாம் "சாமி"ன்னு மரியாதையா கூப்பிடுறாங்க. குடிக்கக் கூப்பிடுற கூட்டாளிங்க கூட "மாலை போட்டிருக்கான்பா"ன்னு விட்டுடுறாங்க.

49-வது நாள் இது அத்தனையும் ஒரே நாள்ல போயிடுது. ஆசை மட்டும் அப்படியே இருக்கு. கொடிக்கு நட்ட கம்பை நாமே பிடுங்கிட்டு, கொடி சாஞ்சிடுச்சேன்னு திட்டுறோம்.

அதுலயும் சாயங்காலம் ஆறு மணி இருக்கே, அதுதான் ஆபத்து. குடி காலையில ரொம்பப் பேரைக் கூப்பிடுறதில்ல. ஃபேக்டரி சிஃப்ட் முடிஞ்சு, மோட்டாரை எடுத்து, வீட்டுக்குப் போற வழியிலதான் கூப்பிடும். பசி இருக்கும், களைப்பு இருக்கும், சம்பள நாளா இருந்தா கையில காசும் இருக்கும். வீட்டுல பேசுறதுக்கு ஒரு வார்த்தை இருக்காது. நாம என்ன செய்றோம்? காலையில ஆறு மணிக்கு யோகா வகுப்பு வைக்கிறோம். நல்ல விஷயம்தான். ஆனா அதுக்கு வர்றவங்க ஏற்கனவே ஆரோக்கியமா இருக்கிறவங்க. மாட்டிக்கிட்டவருக்கு நம்ம வாசல் திறந்திருக்க வேண்டிய நேரம் சாயங்காலம்.

சரி, நடைக்கும் போதைக்கும் என்ன சம்பந்தம்?

வருஷக்கணக்கா குடிச்ச மூளைக்கு மத்த சந்தோஷம் எதுவும் ருசிக்காது. டோபமைன்னு ஒரு ரசாயனம் நம்ம மூளையில இருக்கு. "இது நல்லா இருக்கு, திரும்பச் செய்"ன்னு சொல்ற வேலை அதுக்கு. போதை அதைத் திரும்பத் திரும்ப அளவுக்கு மீறித் தூண்டி விடுறதால, நாளாக நாளாக மூளை மரத்துப் போயிடுது. குடியை விட்ட முதல் சில வாரம், சில பேருக்கு மாசக்கணக்கா, பிள்ளை சிரிச்சாலும் சாம்பார் மணத்தாலும் ஒண்ணும் ஒட்டாது. எல்லாம் சாம்பலா இருக்கும். அந்த வெறுமையைத் தாங்க முடியாமத்தான் பல பேர் திரும்பப் போறாங்க. உடம்பை அசைச்சு வேலை வாங்கும்போது, பாட்டில் இல்லாமலேயே மூளைக்குக் கொஞ்சம் கொஞ்சமா உயிர் வருது.

அடுத்தது தூக்கம். விட்ட புதுசுல தூக்கம் வராது. வந்தாலும் கெட்ட கனவு, வியர்வை. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவருக்கு "ஒரு மடக்கு குடிச்சா தூங்கிடலாம்"ங்கிற நினைப்புதான் முதல்ல வரும். பகல்ல உடம்பு உழைச்சிருந்தா ராத்திரி தூக்கம் கொஞ்சம் நல்லா வரும்.

மூணாவது அந்த ஆசை. அது அலை மாதிரி. எழும்பும், உச்சிக்குப் போகும், தானா இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்கு மேல அதே வேகத்துல நிக்காது. ஆனா சும்மா உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்த அரை மணி நேரம் ஒரு யுகம். பக்கத்துல ஒரு ஆளோட பேசிக்கிட்டே நடக்கிறவருக்கு அது தாமான் பூங்கா வரைக்கும் போய்த் திரும்புற தூரம்.

ஆராய்ச்சியும் இதைத்தான் சொல்லுது, ஆனா அளவோட சொல்லுது. அமெரிக்காவுல, லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கிற கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நம்ம ஊர்ல சியாபுன்னு சொல்ற அதே போதைக்காகத் தங்கி சிகிச்சை எடுத்த 135 பேரை வெச்சு ஒரு ஆய்வு பண்ணினாங்க. ஒரு பகுதியினருக்கு 8 வாரம், வாரத்துக்கு 3 நாள் உடற்பயிற்சி. மத்தவங்களுக்கு ஆரோக்கியம் பத்தின வகுப்பு மட்டும். பயிற்சி செஞ்சவங்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலா குறைஞ்சது. கவனிச்சுக்கங்க, அவங்க எல்லாரும் சிகிச்சையில இருந்தவங்க. சிகிச்சையோட சேர்ந்துதான் பயிற்சி.

சிகரெட் விஷயத்துலயும் அப்படித்தான். பத்து நிமிஷம் வேகமா நடந்தா அந்த நேரத்து ஆசை குறையுதுன்னு பல ஆய்வுகள்ல வந்திருக்கு. ஆனா உடற்பயிற்சியைச் சேர்த்துக்கிட்டதால அதிகமான பேர் நிரந்தரமா விட்டாங்கன்னு சொல்ல போதிய ஆதாரம் இல்லைன்னு, எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த 2019-ம் வருஷ கோக்ரேன் மறுஆய்வு சொல்லுது. அதனால "எங்க கோயில்ல நடந்தா குடி நிக்கும்"னு யாரும் பேனர் அடிக்க வேண்டாம். நடை அன்னிக்கு சாயங்காலத்தைக் கடக்க உதவும், தூக்கத்துக்கு உதவும், மனசுக்கு உதவும். அவ்வளவுதான். ஆனா அந்த அவ்வளவே சின்ன விஷயம் இல்ல.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். இதைத் தாண்டிப் போயிடாதீங்க.

வருஷக்கணக்கா தினமும் நிறையக் குடிக்கிறவர், ஒரே நாள்ல தானா நிறுத்தக் கூடாது. உயிருக்கு ஆபத்து. நிறுத்தின ஆறு மணி நேரத்துலருந்து ஒரு நாளுக்குள்ள கை நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆரம்பிக்கும். முதல் ரெண்டு நாளுக்குள்ள சிலருக்கு வலிப்பு வரும். ரெண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் நடுவுல சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத ஆளோட பேசுறது, இல்லாததைப் பாக்கிறதுன்னு போகும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகலைன்னா செத்துப் போகலாம்.

சில வருஷத்துக்கு முன்னால ஒரு அண்ணன், யாருக்கும் சொல்லாம, டாக்டரைப் பாக்காம, மாலை போட்ட அன்னிக்கே குடியை நிறுத்தினார். நல்ல எண்ணம்தான். ரெண்டாம் நாள் சாயங்காலம் பூஜை நேரத்துல கை கால் வெட்டி வெட்டி இழுத்து விழுந்தார். கூட்டத்துல பாதிப் பேர் சாமி வந்திடுச்சுன்னு நினைச்சு அரோகரா போட்டாங்க. ஒருத்தர் விபூதி எடுத்துட்டு ஓடினார். நல்ல வேளை, நர்ஸா வேலை பாக்கிற அக்கா ஒருத்தங்க அங்க இருந்தாங்க. அவரை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, 999-க்கு அடிக்கச் சொன்னாங்க. ஆஸ்பத்திரியில நடுக்கத்துக்கு மருந்தும், பி1 வைட்டமினும் ஊசியா கொடுத்து, ஒரு வாரம் வெச்சிருந்து அனுப்பினாங்க. இன்னிக்கு உயிரோட இருக்கார். அந்த அக்கா அன்னிக்கு லேட்டா வந்திருந்தா?

அதனாலதான் சொல்றேன், முதல்ல டாக்டர், அப்புறம் மாலை, கூடவே நடை. அடுத்த வருஷம் மாலை போட நினைக்கிற குடிப்பழக்கம் உள்ளவங்க, ரெண்டு வாரம் முன்னாலேயே அரசாங்க கிளினிக்குக்குப் போங்க. குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். எவ்வளவு குடிக்கிறோம்னு மறைக்காமச் சொல்லுங்க. போதைப்பொருள்னா ஏ.ஏ.டி.கே. அலுவலகத்துல தானா முன்வந்து சிகிச்சை கேக்கலாம். ஹெராயின் பழக்கத்துக்கு மெதடோன் சிகிச்சை நம்ம நாட்டுல 2005-லருந்து நடக்குது. மெதடோன் குடிக்கிறவரைப் பாத்து "இதுவும் போதைதானே, விரதம் இருக்கிறவன் இதையும் விடு"ன்னு நம்ம ஆளுங்க யாரும் சொல்லாதீங்க. அது மருந்து. டாக்டர் சொல்லாம விட்டா பழைய குழிக்கே போயிடுவார். மனசு ரொம்பத் தளர்ந்து போனா சுகாதார அமைச்சோட ஹீல் உதவி எண் 15555 இருக்கு. சிங்கப்பூர்லருந்து படிக்கிறவங்களுக்கு மனநலக் கழகத்துல இதுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு.

"அதெல்லாம் சரி, இது கோயில் வேலையா?"ன்னு கேக்கிறவங்களுக்கு, நம்ம சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்துல நடந்த கதையை ஞாபகப்படுத்துறேன். 1946, 47-ல பீடோங் ஹார்வர்ட் தோட்டத்துல ஏ.எம்.சாமி தலைமையில தொண்டர் படை எழும்புச்சு. தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை வெச்சு, கூலியை ஒரு கையில கொடுத்து மறு கையில வாங்கின காலம் அது. அந்தப் படை கள்ளுக்கடை வாசல்ல மறியல் பண்ணுச்சு. அதோட நிக்கல. இளைஞர்களை வரிசையில நிக்க வெச்சு அணிவகுப்பும் பயிற்சியும் கொடுத்துச்சு. நாள் முழுக்கப் பால் மரம் சீவிட்டு வந்த ஆளுக்குச் சாயங்காலம் போறதுக்கு ஒரு இடம், நிமிர்ந்து நிக்க ஒரு வரிசை கிடைச்சது. போலீஸ் அடிச்சது, உயிர் போச்சு, படை தடை செய்யப்பட்டுச்சு. நம்ம தாத்தா பாட்டி காலத்து ஆளுங்களுக்கு ஒண்ணு தெரிஞ்சிருந்தது: "குடிக்காதே"ன்னு சொன்னா மட்டும் போதாது, அந்த நேரத்துக்கு வேற ஒண்ணைக் கையில கொடுக்கணும்.

இன்னும் பழசா வேணும்னா, கையில உழவாரப் படையோட கோயில் கோயிலா நடந்து புல் செதுக்கின அப்பர் சாமியைப் பாருங்க. உடம்பால செய்ற தொண்டும் வழிபாடுதான்னு நமக்குக் காட்டினவர் அவர். பத்துமலையில 272 படி ஏறுறதும், கோலாலம்பூர்லருந்து தேரோட சுமார் 15 கிலோமீட்டர் நடக்கிறதும் நமக்குப் புதுசா? வருஷத்துல ஒரு நாள் அவ்வளவு தூரம் நடக்கிற நாம, வாரத்துல மூணு நாள் நாப்பது நிமிஷம் நடக்க மாட்டோமா?

என்னோட யோசனை இவ்வளவுதான்.

திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயில் திடல்ல கூடுவோம். நாப்பது நிமிஷம் நடை. பேச முடியணும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். திரும்பி வந்து கை கால் கழுவி ஏழு மணி பூஜை, அப்புறம் சாப்பாடு. ஞாயித்துக்கிழமை காலையில அரை மணி நேரம் உழவாரப் பணி. கூட்டிப் பாருங்க, வாரத்துக்கு 150 நிமிஷம். பெரியவங்களுக்குக் குறைஞ்சது அவ்வளவு வேணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்ன கணக்கும் அதேதான்.

நடைக்கு எல்லாரும் வரலாம். சக்கரை உள்ள பெரியவங்க, அம்மாமார்கள், பள்ளிப் பிள்ளைங்க, எல்லாரும். யார் எதுக்காக வர்றாங்கன்னு யாரும் கேக்கக் கூடாது. குடியை விடுறவங்களுக்கு மட்டும்னு பேர் வெச்சா ஒருத்தரும் வர மாட்டாங்க. குடிக்கிற பெண்களும் நம்மள்ல இருக்காங்க, அவங்களுக்கு வெட்கம் ரெண்டு மடங்கு. அவங்களும் கூட்டத்தோட கூட்டமா நடந்துட்டுப் போகட்டும்.

விரும்பிக் கேக்கிறவங்களுக்கு ஒரு துணை ஆள். அஞ்சரை மணிக்கு ஒரு போன் அடிச்சு, "அண்ணே, வர்றீங்கல்ல?"ன்னு கேக்கிறது மட்டும்தான் அவர் வேலை. புத்தி சொல்ற வேலை வேண்டாம்.

அன்னிக்குக் குடிச்சிட்டு வந்தவர் நடக்க வேண்டாம். ஆனா விரட்டவும் வேண்டாம். உட்கார வெச்சு, சாப்பாடு கொடுத்து, துணை ஆள் வீட்டுல கொண்டு போய் விடணும். நாளன்னிக்குத் திரும்பக் கூப்பிடணும். வழுக்கி விழறது இந்த நோயில சகஜம்.

நெஞ்சு வலி, ஈரல் கோளாறு, கால் வீக்கம் உள்ளவங்க டாக்டர்கிட்டக் கேட்டுட்டு வாங்க. சக்கரைக்கு மாத்திரை, ஊசி போடுறவங்க வெறும் வயித்துல, அதுவும் விரத நாள்ல, நடக்காதீங்க. வாழைப்பழமும் தண்ணியும் கோயில்ல இருக்கும்.

கடைசியா ஒண்ணு. நடக்கிறவங்களைப் படம் எடுத்து முகநூல்ல போடக் கூடாது. எவ்வளவு நல்ல மனசோட போட்டாலும் கூடாது.

"கோயிலுக்குக் கெட்ட பேர் வரும்"னு ஒரு பெரியவர் சொன்னார். அவர் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா ஐயா, அவங்க ஏற்கனவே நம்ம பக்தர்கள்தான். காவடி தூக்க, தேர் இழுக்க அவங்க தோள் வேணும். அதே தோள் தளர்ந்து நிக்கும்போது வாசலைச் சாத்தினா அதுதான் கெட்ட பேர். "நாம என்ன டாக்டரா?"ன்னு இன்னொருத்தர் கேட்டார். இல்ல. அதனாலதான் மருந்தை டாக்டர்கிட்ட விட்டுட்டு, நமக்குத் தெரிஞ்சதை மட்டும் செய்வோம்னு சொல்றேன். திடல் இருக்கு, விளக்கு இருக்கு, சமையல்கட்டு இருக்கு, ஆள் இருக்கு. "சாமி பாத்துக்குவார், கயிறு கட்டினா போதும்"னு சொல்றவங்களுக்கு நான் எதிர்ப்பேச்சு பேசல. கயிறு கட்டுங்க. கட்டின கையைப் பிடிச்சு நடக்கவும் வைங்க.

வீட்டுல இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. அவர் நடைக்கு வர ஆரம்பிச்சதும் எல்லாம் சரியாயிடுச்சுன்னு கிளினிக் தேதியை விட்டுடாதீங்க. ஒரு நாள் வரலைன்னா எல்லாம் போச்சுன்னும் நினைக்காதீங்க. நீங்களும் கூட வாங்க. அவருக்காக வேண்டாம், உங்களுக்காக வாங்க. அத்தனை வருஷம் பயந்து பயந்து இருந்த உங்க உடம்புக்கும் கொஞ்சம் காத்து வேணும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். உறுப்பினர்கள் தயவுசெஞ்சு வந்து கை தூக்குங்க. துணை ஆளா இருக்க விரும்புறவங்க, நர்ஸ், மருந்தகத்துல வேலை செய்றவங்க, விளையாட்டுப் பயிற்சி கொடுக்கத் தெரிஞ்ச தம்பி தங்கச்சிங்க, கோயில் அலுவலகத்துல பேர் கொடுங்க.

இந்த வாரம் மாலையைக் கழட்டிட்டு, இதை யாருக்கும் தெரியாம படிச்சிக்கிட்டு இருக்கிற அண்ணன் தம்பிங்களுக்கு: மாலை இல்லாட்டியும் நீங்க எங்களுக்குச் சாமிதான். கூட்டம் முடிவு பண்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு நான் திடல்லதான் இருப்பேன். செருப்பு எதுவா இருந்தாலும் பரவாயில்ல.

வேலும் மயிலும் துணை.